ராசப்பனாக நின்றவர்

"இங்க வந்த நாள்ல இருந்து என் வாய்க்கு ஒரு வேலையும் குடுக்க மாட்டேங்கறீங்களே, அம்மா" என்று நல்லசிவம் குறைப்பட்டுக்கொண்டார்.

பாவாத்தம்மாள் முறத்தில் பயறு பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கைக்குக் குடுத்திருக்கேனுங்களே ஐயா."

"கூட்டறதும் தண்ணி எடுக்கறதும் எங்க வீட்டுலயே செஞ்சிருப்பேனுங்க."

"செஞ்சீங்களா?"

நல்லசிவம் பேச்சை மாற்றினார்.

அவருக்கு அறுபது வயது. குருவான பாவாத்தம்மாளுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. வயது ஒரு பொருட்டில்லை என்று அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். ஆளைப் பார்த்ததும் கொஞ்சம் பொருட்டாகத்தான் இருந்தது.

நல்லசிவம் பட்டிமன்றப் பேச்சாளர். குடும்பம் நிலைப்பது மாமியாராலா மருமகளாலா என்ற தலைப்பில் ஓர் ஊரில் மாமியார் பக்கமும் அடுத்த ஊரில் மருமகள் பக்கமும் பேசி, இரண்டு ஊரிலும் கைதட்டு வாங்கியவர். அவர் பேசினால் கூட்டம் சிரிக்கும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பிறகு வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொள்ளும்.

இது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார், அடித்துக்கொண்டு வருகிற குடும்பங்களை அதிகம் பேசாமலேயே சேர்த்து வைத்து அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டார். ஏதோ மந்திரம் இருக்கிறது, கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்தார்.

மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கூடம் இருந்தது. அதில் நாற்காலிகூட இல்லை.

வருகிற குடும்பத்திடம் பாவாத்தம்மாள் கதை கேட்பதில்லை.

"சொல்ல வேண்டாமுங்க. உங்க வீடு எப்படி இருக்குதுன்னு நிக்க வெச்சுக் காட்டுங்க" என்பார்.

வீட்டில் ஒருவர் மற்றவர்களைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்துவார். யார் யாருக்குப் பக்கத்தில், யார் முகம் எந்தப் பக்கம், யார் கை யார் தோளில். அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு இன்னொருவர் வந்து அதே வீட்டைத் தனக்குத் தெரிகிற மாதிரி மாற்றி வைப்பார். அவ்வளவுதான்.

ஆள் குறைந்தால், வர மறுத்தவருக்கும் செத்துப்போனவருக்கும் பதிலாக, இங்கே இருப்பவர் ஒருவர் நிற்க வேண்டும். வைத்த இடத்தில் வைத்தபடி நிற்க வேண்டும். பேசக் கூடாது.

நல்லசிவம் நல்ல உயரம். அதனால் பெரும்பாலும் அவர்தான் நின்றார். குடிகார மைத்துனராக நின்றார், கோபக்காரத் தாத்தாவாக நின்றார். ஒருமுறை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மாமியாராகவும் நின்றார்.

பேசாமல் நிற்பது அவருக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் ஒரு மளிகைக்கடைக்காரன் தன் அம்மாவோடும் மனைவியோடும் வந்தான். இரண்டு பேரையும் இரண்டு பக்கம் நிறுத்தி, நடுவில் நின்று, ஆளுக்கொரு தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"நான்தானுங்க ரெண்டு பேரையும் தாங்கிட்டு நிக்கறேன்" என்றான்.

"இப்ப நீங்க வையுங்க அம்மிணி" என்றார் பாவாத்தம்மாள் அவன் மனைவியிடம்.

அவள் கணவனைத் திருப்பி மாமியாரைப் பார்க்க நிறுத்தினாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால், சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"அங்கயேவா?" என்று கேட்டார் பாவாத்தம்மாள்.

"கட்டிட்டு வந்த நாள்ல இருந்து இங்கதானுங்க நிக்கறேன்."

மளிகைக்கடைக்காரனின் கழுத்து லேசாகத் திரும்பத் தொடங்கியது.

நல்லசிவத்தால் பொறுக்க முடியவில்லை. "பார்த்தீங்களா தம்பி" என்று முன்னால் வந்தார். மனைவி என்பவள் யார், அவள் முகத்தைப் பார்க்காதவன் எதை இழக்கிறான் என்று அழகாக எடுத்துச் சொன்னார். மூவரும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். மாமியார்கூடத் தலையாட்டினாள்.

"ஐயா, ஒரு குடம் தண்ணி வேணுமுங்க" என்றார் பாவாத்தம்மாள்.

அவர்கள் போன பிறகு நல்லசிவம் கேட்டார். "நான் சொன்னதுல என்னங்க தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லீங்க."

"அப்புறம் ஏன் என்னைத் தண்ணிக்கு அனுப்புனீங்க?"

"அந்தப் பையன் பொண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கப் போனான். நீங்க பேசினதும் உங்களைப் பார்த்தான்."

அடுத்த மேடையில் சொல்ல நல்ல வரி என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டார்.

நாச்சாத்தாளின் குடும்பம் வந்தது ஐப்பசி மழையில். அவள், மகன் கந்தவேல், மகள் திலகமணி. மூன்று பேர் ஒரே குடையில் வந்தும் மூன்று பேரும் நனைந்திருந்தார்கள்.

வாசலிலேயே கந்தவேல் ஆரம்பித்துவிட்டான்.

"எங்கப்பா லாரி டிரைவருங்க. நாக்பூர் பக்கத்துல ஆக்சிடெண்ட். உடம்பு கொண்டார முடியலீன்னு அங்கயே எரிச்சுட்டாங்க. எங்கம்மா இன்னும் அவருக்குத் தட்டு வெச்சுச் சோறு போடுது. தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் காத்துட்டு இருக்குது. கேட்டா, உங்கப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேங்குது."

"உள்ள வாங்க. நிக்க வெச்சுக் காட்டுங்க" என்றார் பாவாத்தம்மாள்.

நாச்சாத்தாள்தான் வைத்தாள். நல்லசிவம் அவள் கணவன் ராசப்பனாக நின்றார். அவரை வாசற்படிக்குக் கொண்டுபோய், ஒரு காலைப் படியில் தூக்கி வைக்கச் சொல்லி, ஒரு கையை உயர்த்தி வைத்தாள். லாரியில் ஏறப் போகிறவர், திரும்பிக் கையாட்டுகிறார். அவள் மகளோடு சேர்ந்து நின்று அவரைப் பார்த்தாள். மகனை மட்டும் தள்ளி, முகத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

"இவனையும் வண்டிக்குக் கூப்பிட்டாருங்க. உங்க லாரியில ஏற மாட்டேன்னு சொல்லிட்டு, வழியனுப்பக்கூட வெளிய வரல" என்றாள்.

வெளியே மழை பெய்தது. கந்தவேலின் தோள் குலுங்குவதை நல்லசிவம் பார்த்தார். அவர் ஈவு இரக்கம் இல்லாதவர் அல்ல. அந்தப் பையனைப் பார்க்க அவருக்கு நெஞ்சு வலித்தது.

"கந்தவேலு" என்றார். குரல் கனமாக, அப்பன் குரலாகவே வந்தது. "உம்மேல எனக்குக் கோபமே இல்லடா சாமி. நீ நல்லா இரு."

மூன்று பேரும் ஓடி வந்து அவர் காலடியில் விழுந்தார்கள். இப்படி ஓர் அழுகையை எந்த மேடையிலும் அவர் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தார் என்று சொன்னால் அது பொய்யாகாது.

"அதைச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார் பாவாத்தம்மாள்.

"அவங்க அப்பா சொல்ல வேண்டியதைத்தானுங்க சொன்னேன்."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவது நல்லசிவத்தின் வேலை. அடுத்த சந்தையன்று பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் நாச்சாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மோட்டார் ஓடமாட்டேங்குதுங்க மாமா. மாத்திடலாமுங்களா?"

மாமா என்றால் கணவன். நல்லசிவத்துக்கு அது தெரியாமல் இல்லை. இது கூடம் இல்லை, நான் வெறும் நல்லசிவம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"மாத்திடு" என்றார்.

அடுத்த சந்தைக்கு அவள் வந்து, மாற்றிவிட்டதாகச் சொன்னாள். தண்ணீர் நன்றாக வருகிறதாம்.

அவருக்கு இது பிடித்திருந்தது. மறைப்பானேன். ஆயிரம் பேர் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட அதன்படி நடந்ததில்லை. இவள் நடந்தாள். கந்தவேலும் ஒருநாள் வந்து, டிராக்டர் ஓட்டக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா அப்பா என்று கேட்டுவிட்டுப் போனான்.

குருவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. குருவும் கேட்கவில்லை.

ஒரு சந்தைக்கு அவள் ஒரு வெளிர்நீலச் சட்டை கொண்டுவந்தாள். துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"உங்களுதுதானுங்களே" என்றாள்.

சட்டை அளவாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே அவர் கத்தரிக்காய் வாங்கினார்.

அன்று பஸ் ஏறும்போது அவள் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டுல பதில் கேக்கறாங்க மாமா. தையில வெச்சுக்கலாமான்னு. என்ன சொல்லட்டுமுங்க?"

நல்லசிவம் விழித்தார். மாப்பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் அவர் நாலு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பக்கமும் பேசத் தெரியும் அவருக்கு. ஏதாவது ஒரு பக்கம் நிற்கத்தான் தெரியவில்லை.

"அவசரம் என்ன. கொஞ்சம் பொறு, பார்க்கலாம்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சில நாள் கழித்துத் திலகமணி தனியாக வந்தாள். நல்லசிவம் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிக் குருவிடம் போனாள்.

"அம்மா, எனக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளையை எங்கப்பாதானுங்க பார்த்தாரு. இந்த டிரிப் முடிச்சு வந்ததும் தட்டு மாத்திக்கலாம்னு அவங்க வீட்டுல உக்காந்து சொல்லிட்டுத்தான் வண்டி ஏறுனாரு."

பாவாத்தம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இப்பப் பொறுக்கச் சொல்லிட்டாருன்னு எங்கம்மா அவங்களுக்குச் சொல்லி அனுப்பிடுச்சு. அவங்க வேற இடம் பார்க்கறாங்களாமுங்க."

அவள் திரும்பினாள். நல்லசிவம் அப்போது போட்டிருந்தது அந்த நீலச் சட்டைதான்.

"எங்கப்பா சரின்னு சொன்னதை வேண்டாம்னு சொல்ல இவரு யாருங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றார். வெட்கத்தில் காது சுட்டது.

"நாளைக்கு அம்மாவையும் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க அம்மிணி" என்றார் பாவாத்தம்மாள்.

அவள் போன பிறகு நல்லசிவம் மெல்ல வந்தார்.

"நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்."

"ம்."

"அவங்க அப்பா பேசி முடிச்ச இடம்னு எனக்குத் தெரியாதுங்க."

"ம்."

"அம்மா, ஏதாவது சொல்லுங்க. நாளைக்கு நான் எங்கயாவது போயிடட்டுமா?"

"எங்க போறீங்க? நாளைக்கும் நீங்கதானுங்க ராசப்பன். சட்டையைக் கழட்ட வேண்டாம்."

நல்லசிவத்துக்கு உயிர் வந்தது. பேச்சால் வந்த தவறைப் பேச்சாலேயே சரி செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். உட்கார்ந்து ஓர் உரை தயார் செய்தார். ராசப்பன் மகள் திருமணத்துக்குச் சம்மதம் தருகிறார், மனைவிக்கு நன்றி சொல்கிறார், விடைபெறுகிறார். அவருடைய வாழ்நாளின் சிறந்த பேச்சு அதுதான். சொல்லிப் பார்த்தபோது அவருக்கே கைதட்டத் தோன்றியது.

மறுநாள் காலையில் மூவரும் வந்தார்கள். நாச்சாத்தாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க வீட்டுக்காரரைக் கடைசியா எப்படிப் பார்த்தீங்களோ, அப்படி வையுங்க" என்றார் பாவாத்தம்மாள்.

அவள் அவரை வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கால் மேலே, ஒரு கை உயரத்தில்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சாம்பலாச் சொம்புலதானுங்க வந்தாரு. கிளீனர் கொண்டாந்து குடுத்தான்."

"இது ரெண்டுக்கும் நடுவுல அவரு எப்படி இருந்தாரு?"

நாச்சாத்தாள் மகனைப் பார்த்தாள்.

"நாங்க பார்க்கலீங்களே" என்றான் கந்தவேல்.

"தெரியுமுங்க. இப்ப வையுங்க."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறியது.

கந்தவேல்தான் வந்தான். உயர்ந்திருந்த கையைப் பிடித்து மெதுவாக இறக்கினான். தோளைத் தாங்கி அவரைக் கூடத்து நடுவுக்குக் கொண்டுவந்தான். தரையில், தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தான்.

தரை சில்லென்றிருந்தது. இதுதான் தருணம் என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது. பேச வாயைத் திறந்தார்.

நாச்சாத்தாள் சட்டென்று குனிந்தாள். அவர் வாயருகே காதைக் கொண்டுவந்து வைத்துக் காத்திருந்தாள்.

அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனையோ நாளாகத் தூங்காத முகம். அவர் என்ன சொன்னாலும் அந்த முகம் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். நல்ல வார்த்தை சொன்னால் நல்ல வார்த்தைக்காக அடுத்த சந்தைக்கும் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். விடைபெறுகிறேன் என்று சொன்னாலும், அதைச் சொன்ன வாயைத் தேடிக்கொண்டு வரும்.

உரை முழுதும் தயாராக நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"வாய் திறந்தே கெடக்குது" என்றாள்.

மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"அம்மிணி, ஒரு துணி குடு. கட்டோணும்."

திலகமணி துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தாள். நாச்சாத்தாள் அவர் தாடையை மேலே தள்ளி வாயை மூடி, துணியை மோவாய்க்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். கண்களையும் அவளே மூடினாள். கந்தவேல் கைக்குட்டையால் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான்.

பிறகு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். முதல் நாள் அழுத அழுகை இல்லை இது. அன்று அவர் பேசிவிட்டார் என்று அழுதாள்.

நல்லசிவத்துக்கும் அழுகை வந்தது. தாடையைக் கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை.

காலடியில் கந்தவேலின் குரல் கேட்டது.

"நானும் கூட வந்திருக்கோணுமுங்கப்பா."

பதில் இல்லை.

"நான் வந்திருந்தா மாத்தி மாத்தி ஓட்டியிருக்கலாம். நீங்க தூங்கியிருக்கலாம். வெளிய வந்து போயிட்டு வாங்கன்னாவது சொல்லியிருக்கோணும்."

அதற்கும் பதில் இல்லை. பையன் விக்கி விக்கி அழுதான். சொல்ல வேண்டிய வார்த்தை நல்லசிவத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்து அங்கேயே கிடந்தது.

யாரோ தரையில் நகர்ந்து போகும் ஓசை கேட்டது. பிறகு நாச்சாத்தாளின் குரல், அந்தப் பக்கத்திலிருந்து.

"நீயும் போயிருந்தா நான் யாரைக் கட்டிட்டு அழுவேன் கண்ணு."

அம்மாவும் மகனும் சேர்ந்து அழுதார்கள். திலகமணியும் அவர்களிடம் போனாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. அவர் பக்கத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

வெகுநேரம் கழித்து நாச்சாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"அம்மிணிக்குத் தையில வெச்சர்றேனுங்க மாமா. நீங்க பார்த்த இடந்தான்."

அனுமதி கேட்கிற குரலில் சொல்லவில்லை.

"அவங்க வேற இடம் பார்க்கறாங்களாமே அம்மா" என்றான் கந்தவேல்.

"பார்த்தா பார்க்கட்டும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் நேர்ல போவோம். நான் பேசறேன்."

மூவரும் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்கள். இழவு வீட்டிலிருந்து போகிறவர்கள் குளிப்பதுபோலத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நல்லசிவம் கட்டுண்டு கிடந்தார். குரு வந்து அவிழ்த்துவிடுவார் என்று நினைத்தார். குரு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஈரக்கால் சத்தம் வந்தது. யாரோ கால் விரல்களை அவிழ்த்தார்கள், பிறகு தலை முடிச்சை. நல்லசிவம் கண்ணைத் திறந்தார்.

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நாச்சாத்தாள் குனிந்து நின்றாள். அவர் எழுந்து உட்காரக் கை கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

"பவானிங்க" என்றார் நல்லசிவம்.